பூஜ்யத்துக்குப் பின் இரண்டு நொடி

அலுவலகத்தில் ஃபேக்ஸ் கருவியோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இந்தப் புதிர் தெரிந்திருக்கும். சென்னை அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரிசீவரைக் கையில் எடுத்து, வெளி லைனுக்காக 0 அழுத்தி, அடுத்து கோயம்புத்தூர்க் கிளையின் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினால் தாள் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அதே எண்களை, அதே வரிசையில் கருவியின் நினைவகத்தில் பதிந்துவிட்டு ஒற்றைப் பொத்தானைத் தட்டினால், கொஞ்ச நேரம் கழித்து 'பதில் இல்லை' என்று சீட்டு அச்சாகி வருகிறது. காலை எட்டரைக்கு அனுப்பினால் போகிறது, பதினொரு மணிக்கு அனுப்பினால் போவதில்லை. மெக்கானிக் வந்து பார்க்கும்போது மட்டும் நன்றாகவே போகிறது!

எண்ணில் பிழை இல்லை. கருவியில் கோளாறு இல்லை. லைனும் சரியாக இருக்கிறது. கையால் அழுத்துவதற்கும் கருவி தானாக அழுத்துவதற்கும் இடையே மாறுவது ஒன்றே ஒன்றுதான்: நேரம். மனிதர் 0 அழுத்திவிட்டு ஒரு கணம் காத்திருக்கிறார். கருவி காத்திருப்பதில்லை. அந்தக் கணத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் புதிரும் அவிழும், தொலைபேசி அமைப்பு இயங்கும் விதமும் விளங்கும்.

எதற்காக இந்த 0?

நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் நூறு மேசையிலும் தொலைபேசி இருக்கும். ஆனால் வெளியே போகும் லைன்கள் நூறு இருக்காது. பத்தோ பன்னிரண்டோ இருக்கும். மேசைத் தொலைபேசிகள் எல்லாம் ஒரு பெட்டியில் வந்து சேர்கின்றன. அலுவலகங்களில் அதை இ.பி.ஏ.பி.எக்ஸ் என்பார்கள். தமிழில் உள்ளிணைப்பகம் எனலாம். பெட்டியிலிருந்து மேசைக்குப் போவது எக்ஸ்டென்ஷன். பெட்டியிலிருந்து தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்துக்குப் போவது வெளித்தடம்.

நூறு பேருக்குப் பத்துத் தடம் எப்படிப் போதும்? இதற்குக் கணக்குப் போட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். 1909இல் வெளிவந்த கட்டுரையிலும் 1917இல் வெளிவந்த இன்னொரு கட்டுரையிலும், தற்செயலாக வந்து விழும் அழைப்புகளுக்கு எத்தனை தடங்கள் வேண்டும் என்று கணிக்கும் வழியைக் கொடுத்தார். அந்த வழியில் நம் அலுவலகத்தைக் கணக்கிடலாம். பரபரப்பான ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் சராசரியாக 3 நிமிடம் வெளியே பேசுகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 300 நிமிடம். இடைவெளியே இல்லாமல் அடுக்கினால் 5 தடங்களில் அடங்கிவிடும். ஆனால் அழைப்புகள் அப்படி வரிசையில் நின்று வருவதில்லை. 5 தடம் மட்டும் இருந்தால் நூறு முயற்சிகளில் ஏறக்குறைய 28 முயற்சிகளுக்கு இடம் கிடைக்காது. 10 தடம் இருந்தால் அது 2 ஆகக் குறைந்துவிடும். தடங்களை இரட்டிப்பாக்கினால் தோல்வி பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பதினோராவது, பன்னிரண்டாவது தடத்துக்குச் செலவழிப்பது தேவைதானா என்று ஒரு நிர்வாகி முடிவெடுப்பதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

தடங்கள் பொதுச்சொத்து என்றாகிவிட்டதால், ஒவ்வொரு முறையும் 'எனக்கு ஒரு வெளித்தடம் வேண்டும்' என்று பெட்டியிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விதான் 0. இதை அணுகு எண் என்று சொல்லலாம். பெட்டி முதல் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறது. 2 என்றால் இருநூற்றுச் சொச்ச எக்ஸ்டென்ஷனில் ஒன்று. மேலும் இரண்டு எண்ணுக்குக் காத்திருக்கும். 0 என்றால் வெளியே. இதனால்தான் எந்த அலுவலகத்திலும் 0இல் தொடங்கும் எக்ஸ்டென்ஷன் இருப்பதில்லை. நம் ஊரில் பெரும்பாலும் 0 வெளி லைனுக்கு, 9 ஆபரேட்டருக்கு. அமெரிக்க அலுவலகங்களில் நேர் எதிர்: 9 வெளியே, 0 ஆபரேட்டர்.

படியேறிய கம்பி

ஒற்றை எண்ணுக்கு இப்படி ஓர் அதிகாரம் வந்ததற்குப் பின்னால் ஓர் இயந்திரம் இருக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரவ்ஜர், ஆபரேட்டர் இல்லாமலேயே தொலைபேசிகளை இணைக்கும் கருவிக்கு 1891இல் காப்புரிமை பெற்றார். அதை வைத்து முதல் தானியங்கி இணைப்பகம் 1892இல் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் இயங்கத் தொடங்கியது.

பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ஸ்ட்ரவ்ஜர் சுவிட்சில் பத்து மாடிகள், மாடிக்குப் பத்து முனைகள். நடுவில் ஒரு தண்டு. சுழலும் வட்டுள்ள பழைய தொலைபேசியில் 9 சுற்றினால், வட்டு திரும்பி வரும்போது மின்னோட்டம் ஒன்பது முறை அறுபடும். ஒவ்வோர் அறுபடலுக்கும் தண்டு 'டக்' என்று ஒரு படி ஏறும். ஒன்பதாவது மாடிக்குப் போய் நின்றதும், யாரும் எதுவும் சொல்லாமலேயே பக்கவாட்டில் சுழன்று, அந்த மாடியின் முனைகளில் காலியாக எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். அந்த மாடி முழுவதையும் வெளித்தடங்களோடு இணைத்துவிட்டால், 9 என்பது 'காலியாக உள்ள ஏதாவது ஒரு வெளித்தடம்' என்று பொருள்படும். அணுகு எண் என்பது தொடக்கத்தில் இரும்புச் சட்டத்தில் ஓர் இடத்தின் பெயர்தான்.

கவனிக்க வேண்டியது அந்தச் சுழற்சியை. காலி முனையைத் தேட நேரம் ஆகும். அடுத்த எண் வருவதற்குள் தேடல் முடிந்தாக வேண்டும். அன்று அது சிக்கலாக இருக்கவில்லை. நொடிக்குப் பத்துத் துடிப்பு என்ற வேகத்தில், 0 சுற்றி முடிக்கவே ஒரு நொடி ஆகும். விரலை எடுத்து அடுத்த துளையில் வைக்க இன்னும் கொஞ்சம். மனித விரலின் மந்தகதி, இயந்திரத்துக்கு வேண்டிய அவகாசத்தைத் தானாகவே கொடுத்துவிட்டது.

அந்த 'ங்ங்' ஓசை என்ன சொல்கிறது?

ரிசீவரை எடுத்ததும் கேட்கும் டயல் டோனை நாம் வெறும் ஓசையாக எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு செய்தி. ரிசீவரை எடுக்கும்போது தொலைபேசிக்குள் ஒரு சுற்று மூடிக்கொள்கிறது. இணைப்பகத்திலிருந்து வரும் சுமார் 48 வோல்ட் மின்னழுத்தத்தால் கம்பியில் மின்னோட்டம் பாய்கிறது. இணைப்பகம் அதை உணர்ந்து, நீங்கள் அனுப்பப்போகும் எண்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை உங்கள் கம்பியோடு இணைக்கிறது. இணைத்து முடித்ததும் டயல் டோன் கொடுக்கிறது. 'கேட்கத் தயார், எண்ணைச் சொல்' என்பதுதான் அதன் பொருள். தயார் ஒலி என்றே அதற்குப் பெயர் வைக்கலாம்.

உள்ளிணைப்பகம் இருக்கும் அலுவலகத்தில் இது இரண்டு முறை நடக்கிறது. ரிசீவரை எடுத்ததும் முதல் தயார் ஒலி. இது உங்கள் அலுவலகப் பெட்டி கொடுப்பது. 0 அழுத்தியதும் பெட்டி ஒரு காலித் தடத்தைப் பிடித்து, ஊர் இணைப்பகத்தின் கதவைத் தட்டுகிறது. ஊர் இணைப்பகம் தன் ஏற்பியை இணைத்து இரண்டாவது தயார் ஒலியைக் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மௌனம். சில இடங்களில் அரை நொடி, சில இடங்களில் இரண்டு மூன்று நொடி.

குழாயடியில் குடத்தைச் சரியாக வைப்பதற்கு முன் குழாயைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? முதலில் விழும் தண்ணீர் தரையில் போகும்; குடம் வந்த பிறகு விழுவது மட்டும் குடத்தில் சேரும். இங்கே தண்ணீர் எண்கள், குடம் ஊர் இணைப்பகத்தின் ஏற்பி. மௌனத்தின்போது அனுப்பிய எண்கள் தரையில் கொட்டிய தண்ணீர்தான். அவற்றை யாரும் தள்ளுபடி செய்வதில்லை, தவறு என்று சொல்வதுமில்லை. வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான்.

காலை எட்டரைக்குப் போன ஃபேக்ஸ் பதினொரு மணிக்குப் போகாததன் காரணமும் இதிலேயே இருக்கலாம். ஏற்பிகளும் எர்லாங்கின் தடங்களைப் போல் பலருக்குப் பொதுவானவை. ஊரே பேசும் நேரத்தில் ஏற்பி கிடைக்கத் தாமதமாகும். தயார் ஒலியும் தாமதமாகும். தயார் ஒலிக்காக 3 நொடிக்கு மேல் காத்திருந்த அழைப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது தொலைபேசிப் பொறியியலின் பழைய அளவுகோல்களில் ஒன்று. காது உள்ள மனிதர் ஒலி வரும்வரை பொறுத்துக்கொள்வார். எண்ணிக்கை மட்டுமே தெரிந்த கருவி பொறுக்காது.

எண்கள் எவ்வளவு வேகமாகப் போகின்றன?

வட்டு போய்ப் பொத்தான் வந்தபோது அவகாசம் சுருங்கியது. பெல் நிறுவனம் பொத்தான் தொலைபேசியை 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் வாடிக்கையாளருக்குத் தரத் தொடங்கியது. இதில் எண்கள் துடிப்புகளாகப் போவதில்லை, ஒலிகளாகப் போகின்றன. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு அதிர்வெண்கள். பொத்தான் பலகையின் நான்கு கிடைவரிசைகளுக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். மூன்று நெடுவரிசைகளுக்கு 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 5 இரண்டாம் வரிசையில் நடுவில் இருப்பதால் 770உம் 1336உம் சேர்ந்து ஒலிக்கும். 0 என்றால் 941உம் 1336உம்.

ஏன் இரண்டு? ஒற்றை அதிர்வெண் போதும் என்றால், நாம் பேசும்போதோ பக்கத்தில் யாராவது விசிலடிக்கும்போதோ தற்செயலாக அது வந்துவிடும். இணைப்பகம் எண் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு அதிர்வெண்கள், குறித்த ஜோடியாக, வேறு கலப்பு இல்லாமல் பேச்சில் வருவது மிக அரிது. மேலும், மனிதக் குரலில் ஓர் அதிர்வெண் இருந்தால் அதன் இரு மடங்கு, மும்மடங்குகளும் கூடவே இருக்கும். அதனால் இந்தப் பட்டியலில் எதுவும் இன்னொன்றின் மடங்காக இல்லாதபடி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

இது உண்மைதானா என்று நீங்களே பார்க்கலாம். செல்பேசியில் ஒலியின் அதிர்வெண்களை வரைந்து காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதைத் திறந்து வைத்து, இன்னொரு தொலைபேசியில் 1, 4, 7 என்று மேலிருந்து கீழே அழுத்துங்கள். திரையில் இரண்டு கோடுகள் எழும். வலப்பக்கக் கோடு 1209இல் அசையாமல் நிற்கும். இடப்பக்கக் கோடு மட்டும் படி படியாக நகரும். 1, 2, 3 என்று குறுக்கே அழுத்தினால் இடப்பக்கம் நிற்கும், வலப்பக்கம் நகரும். பலகையின் வரிசைகள் அப்படியே கண் முன்னால் விரியும்.

ஃபேக்ஸ் கருவி ஓர் எண்ணுக்குச் சுமார் 0.1 நொடி ஒலி, அதே அளவு இடைவெளி என்ற கணக்கில் அனுப்புகிறது. 11 எண்களும் இரண்டே நொடியில் முடிந்துவிடும். பழைய வட்டில் 0 சுற்றும் நேரத்துக்குள் இப்போது ஐந்து எண்கள் போய்விடுகின்றன. தயார் ஒலி இரண்டு நொடி தாமதமானால் மொத்த எண்ணும் காற்றோடு போய்விடும்.

தொலைந்தது எந்த எண்?

நம் ஊரில் இது குறிப்பாகக் குழப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. கோயம்புத்தூரின் எஸ்.டி.டி. குறியீடு 0422. சென்னை அலுவலகத்திலிருந்து அழைக்கும்போது 0, 0422 என்று இரண்டு பூஜ்யங்கள் அடுத்தடுத்து வரும். முதல் பூஜ்யம் உங்கள் அலுவலகப் பெட்டிக்கு. இரண்டாவது பூஜ்யம், 'இது வெளியூர் அழைப்பு' என்று சென்னை இணைப்பகத்துக்குச் சொல்வது. ஐ.எஸ்.டி. என்றால் 00 சேர்ந்து மூன்று பூஜ்யம். பார்க்கும்போது ஏதோ கை தவறி இரண்டு முறை விழுந்ததுபோல் இருக்கும். ஒன்றை அழித்துவிட்டு 'திருத்திவிட்டேன்' என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் கேட்பவர் வேறு என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு வராது.

இரண்டாவது பூஜ்யம் மட்டும் மௌனத்தில் தொலைந்தால் என்ன நடக்கும்? சென்னை இணைப்பகத்துக்கு 422... என்று எண்கள் வந்து சேரும். சென்னையின் உள்ளூர் எண்கள் எட்டு இலக்கம். இணைப்பகம் முதல் எட்டு இலக்கத்தை உள்ளூர் எண்ணாக எடுத்துக்கொண்டு மணியடிக்கும். அப்படி ஓர் எண் புழக்கத்தில் இருந்தால், சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டில் தொலைபேசி ஒலிக்கும். எடுத்தால் ஆள் பேச மாட்டார். அரை நொடி நீளத்துக்கு ஒரு 'பீப்', மூன்று நொடி மௌனம், மறுபடி 'பீப்'. கருவி விடாமல் மறுமுயற்சி செய்வதால் அந்த வீட்டில் மணி திரும்பத் திரும்ப அடிக்கும். அந்த வீட்டார் யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று நினைப்பார்கள். அலுவலகத்திலோ 'பதில் இல்லை' என்ற சீட்டு மட்டும் வரும்.

இடைநிறுத்தம்

தீர்வு எளிது. மனிதர் செய்யும் காத்திருப்பைக் கருவிக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஏறத்தாழ எல்லா ஃபேக்ஸ் கருவிகளிலும் இடைநிறுத்தப் பொத்தான் ஒன்று இருக்கும். பெரும்பாலும் மறுடயல் பொத்தானே எண் பதியும்போது இந்த வேலையையும் செய்யும். அழுத்தினால் திரையில் ஒரு சிறு கோடோ, பி என்ற ஆங்கில எழுத்தோ தெரியும். 0, இடைநிறுத்தம், பிறகு 0422... என்று பதிந்தால், கருவி 0 அனுப்பிவிட்டு சில நொடி சும்மா இருந்து, பிறகு மற்றதை அனுப்பும். போதவில்லை என்றால் இன்னொரு இடைநிறுத்தம் சேர்க்கலாம்.

கணினி மோடம் உலகில் இதற்குக் காற்புள்ளியைப் பயன்படுத்தினார்கள். ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடத்தின் கட்டளை மொழியில் எண்களுக்கு நடுவே காற்புள்ளி போட்டால் 2 நொடி நிற்கும். 'டயல் டோன் வரும்வரை பொறு' என்பதற்குத் தனி எழுத்தும் இருந்தது. பொறியியல் நோக்கில் இரண்டாவதுதான் நேர்த்தியானது. முதலாவது கடிகாரத்தைப் பார்க்கிறது. இரண்டாவது காதால் கேட்கிறது. ஆனால் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தயார் ஒலி எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. வட அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து ஒலிக்கும். மற்ற நாடுகளில் வேறு அதிர்வெண்கள். அலுவலகப் பெட்டி தன் விருப்பப்படி இன்னொரு ஒலி கொடுக்கலாம். ஒரு நாட்டின் ஒலிக்குப் பழக்கிய கருவி இன்னொன்றைக் கேட்டு, 'டயல் டோன் இல்லை' என்று கைவிரித்துவிடும். கடிகாரம் நேர்த்தி குறைவானது, ஆனால் எங்கும் வேலை செய்யும்.

எல்லா அலுவலகத்திலும் இடைநிறுத்தம் தேவைப்படுவதில்லை. சில புதிய பெட்டிகள் எண்கள் முழுவதையும் தாமே வாங்கிச் சேர்த்துவைத்து, தடம் தயாரான பிறகு அனுப்புகின்றன. அங்கே மௌனத்தில் எதுவும் தொலையாது. பெட்டியை மாற்றியதும் காலங்காலமாகப் போய்க்கொண்டிருந்த ஃபேக்ஸ் நின்றுபோவதோ, போகாதது போகத் தொடங்குவதோ இதனால்தான்.

எங்கே தடங்கியது என்று எப்படி அறிவது?

ஃபேக்ஸ் என்பது தொலைபேசியைவிட வயதில் மூத்தது. ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் பெயின் அதற்கான காப்புரிமையை 1843இலேயே பெற்றார். தொலைபேசிக்குக் காப்புரிமை 1876இல்தான் வந்தது. நாம் அறிந்த அலுவலக ஃபேக்ஸ், 1980இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட மூன்றாம் பிரிவு. குரலுக்காகப் போட்ட கம்பியில் படத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், அது எல்லாவற்றையும் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றியே அனுப்புகிறது. நமக்கு இது பெரிய வசதி. கருவியின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டால் நடப்பதை எல்லாம் கேட்கலாம்.

அழைக்கும் கருவி 1100 ஹெர்ட்ஸில் விட்டுவிட்டுக் கூப்பிடும். மேலே சொன்ன 'பீப்' அதுதான். மறுமுனையில் ஃபேக்ஸ் எடுத்தால் 2100 ஹெர்ட்ஸில் சுமார் மூன்று நொடி நீளமாகப் பதில் தரும். பிறகு இரண்டும் நொடிக்கு 300 பிட் என்ற மெதுவான வேகத்தில், தாளின் அகலம் என்ன, எவ்வளவு நுணுக்கமாக அச்சிட முடியும், எவ்வளவு வேகம் தாங்கும் என்று பேசி முடிவு செய்யும். அடுத்து, லைனின் தரத்தைச் சோதிக்க அனுப்பும் கருவி ஒன்றரை நொடிக்கு வெறும் பூஜ்யங்களாக அனுப்பும். வாங்கும் கருவிக்கு எல்லாம் பூஜ்யமாகவே வந்து சேர்ந்தால் சரி. நடுவே ஒன்றுகள் முளைத்தால் லைனில் இரைச்சல் என்று பொருள். வேகத்தைக் குறைத்து மறுபடி சோதிக்கும். இதெல்லாம் முடிந்த பிறகே தாளின் முதல் வரி போகும். ஒரு வரிக்கு 1728 புள்ளிகள்.

இந்த வரிசை தெரிந்தால் கோளாறு எங்கே என்று பிரித்துவிடலாம். நீளமான 2100 ஹெர்ட்ஸ் பதில் கேட்கவே இல்லையா? மறுமுனைக் கருவி நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில் சிக்கல் எண்ணில், அணுகு எண்ணில், இடைநிறுத்தத்தில். பதில் கேட்டது, பிறகு அறுந்ததா? எண் சரி, லைனின் தரத்தைப் பாருங்கள். இன்று பல அலுவலகங்கள் குரலை இணையவழி பொட்டலங்களாக அனுப்புகின்றன. குரலைச் சுருக்கும் அந்த முறை ஃபேக்ஸின் ஒலிகளைச் சிதைத்துவிடும். அதற்காகவே டி.38 என்ற தனித் தரம் வந்தது. இடைநிறுத்தத்தைச் சேர்ப்பதாக இருந்தால் ஒரு முறைக்கு ஒன்று மட்டும் சேர்த்துச் சோதியுங்கள். பரபரப்பான நேரத்தில் சோதியுங்கள். அமைதியான நேரத்தில் வெற்றி கண்ட அமைப்பு பதினொரு மணிக்குத் தோற்கலாம்.

ரகசிய எண் கேட்கும் பெட்டிகள்

செலவைக் கட்டுப்படுத்த, வெளியூர் அழைப்புக்கு ஒவ்வொருவருக்கும் தனி ரகசிய எண் கொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. சில பெட்டிகள் 0 அழுத்தும் முன்பே அதைக் கேட்கும். சில, முழு எண்ணையும் வாங்கிக்கொண்டு ஒரு சிறு ஒலி கொடுத்து, பிறகு கேட்கும். இரண்டிலும் விதி ஒன்றே: கேட்பவர் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் இடைநிறுத்தம். மறுமுனையில் 'எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும்' என்று பதிவுக்குரல் வந்தாலும் அப்படியே: எண், இரண்டு மூன்று இடைநிறுத்தம், எக்ஸ்டென்ஷன்.

ஆனால் ரகசிய எண்ணைக் கருவியில் பதிவதில் ஓர் ஆபத்து உண்டு. அனுப்பி முடித்ததும் அச்சாகும் சீட்டில், டயல் செய்த எண் முழுவதும் வந்துவிடக்கூடும். அந்தச் சீட்டு மேசையில் கிடக்கும், கோப்பில் சேரும், குப்பைக்கூடைக்கும் போகும். யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைப் போட்டு வெளிநாட்டுக்குப் பேசலாம். பில் எண்ணுக்கு உரியவர் கணக்கில் ஏறும். பதியும் எண்ணை மறைக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. அதைவிட நல்ல வழி, ஃபேக்ஸ் இணைந்துள்ள எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் ரகசிய எண் தேவையில்லை என்று பெட்டியிலேயே அமைக்கச் சொல்வது. பூட்டிய அறையில் இருக்கும் கருவி என்றால் இதுவே சரி.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

ஃபேக்ஸ் போகாவிட்டால் ஒரு தாள் தாமதமாகும். அணுகு எண் தெரியாததால் அதைவிடப் பெரிய இழப்பும் நேர்ந்திருக்கிறது. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற இளம்பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கூட இருந்த ஒன்பது வயது மகள், பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தபடியே அவசர உதவி எண்ணான 911ஐ நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு வெளியே போகவே இல்லை. அந்த விடுதியில் வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரிய வழியில்லை.

கேரியின் தந்தை விடாமல் போராடினார். 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் கேரி பெயரிலேயே சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு அங்கே புதிதாக நிறுவப்படும் எந்த உள்ளிணைப்பகத்திலும், அணுகு எண் இல்லாமலேயே 911 போக வேண்டும். அழைப்பு போனதும் விடுதியின் முன்மேசை போன்ற பொறுப்பான இடத்துக்குத் தகவலும் போக வேண்டும். இதற்கான செலவு பெரிதல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண்களைப் பிரித்தறியும் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்துவிடும் வேலை.

நம் நாட்டில் அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. உங்கள் அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, விடுதி எதுவாக இருந்தாலும், மேசைத் தொலைபேசியிலிருந்து இந்த எண்கள் 0 இல்லாமல் போகுமா என்று உள்ளிணைப்பகத்தைப் பராமரிப்பவரிடம் இந்த வாரமே கேளுங்கள். போகாது என்றால் போகும்படி மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் வரைக்கும், எதை முதலில் அழுத்த வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு தொலைபேசியின் பக்கத்திலும் ஒட்டி வையுங்கள்.